ஒரே .22 ரைஃபிளில் அயர்ன் சைட்டும் ரெட் டாட்டும்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

.22 ரைஃபிளில் குறிபார்க்க, முன்னும் பின்னும் இரண்டு குறிகள் கொண்ட அயர்ன் சைட் நல்லதா, கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் ரெட் டாட் நல்லதா என்று சோதித்துப் பார்க்கிறவர்களில் பலர், அன்றைய தோட்டா, அன்றைய வெயில், தம் கண்ணின் நிலை, சரியாக முடுக்காத திருகு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து சோதித்துவிட்டு, கிடைத்த விடையைச் சைட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள். ரெட் டாட் பொருத்திய அன்றே குரூப் (தாளில் தோட்டாத் துளைகள் பரவிய அளவு) சுருங்கியது என்பார் ஒருவர். வாங்கிய பணம் வீண், பழைய சைட்டே மேல் என்பார் இன்னொருவர். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஆனால் இருவருமே ஒப்பிட்டது இரண்டு சைட்டுகளை மட்டும் அல்ல.

இந்த விவாதம் அதிகம் நடப்பது அமெரிக்காவில். 1887-இல் அறிமுகமான .22 எல்.ஆர். தோட்டா அங்கே மலிவாகக் கிடைக்கிறது. 1964-இல் வெளிவந்த ரூகர் 10/22 போன்ற ரைஃபிள்கள், பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களின் வீடுகளில் சாதாரணமாக இருக்கின்றன. நம் ஊரில் என்.சி.சி. முகாமில் முதன்முதலாக ரைஃபிளைக் கையில் எடுத்தவர்களுக்கும் .22-உம் அயர்ன் சைட்டும்தான் பழக்கம் என்பதால், இங்கே சொல்லப்படுவதில் பாதி அவர்களுக்குப் புதிதாக இராது.

முதலில், எந்தச் சைட் எந்தப் பிழையை நீக்குகிறது என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். அயர்ன் சைட்டில் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். இரு குறிகளுக்கும் இடையே 400 மி.மீ. இடைவெளி இருப்பதாகக் கொண்டால், பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி வெறும் 0.4 மி.மீ. ஒதுங்கி நின்றாலே 50 மீட்டரில் தோட்டா 50 மி.மீ. விலகிப் போகும். ரெட் டாட்டில் ஒரு சிறிய எல்.ஈ.டி. விளக்கின் ஒளியை முன்கண்ணாடி எதிரொளித்துக் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்தப் புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதுபோல் தெரியாமல் தொலைவில், இலக்கின் அருகே மிதப்பதுபோல் தெரிகிறது. ஆகவே கோடு சேர்க்கும் வேலையே இல்லாமல் போகிறது. ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975-இல் இவ்வகைச் சைட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது முன்வைத்த ஆதாயம் இதுதான், இன்றும் இதுதான். விசையை வெடுக்கென்று இழுப்பது, மூச்சை அடக்கத் தவறுவது, தாங்கிப் பிடிக்கும் கை ஆடுவது ஆகிய எதையும் ரெட் டாட் நீக்குவதில்லை. சொல்லப்போனால், புள்ளி நடுங்குவது கண்ணுக்கு நன்றாகத் தெரிவதால், கை முன்பைவிட அதிகம் ஆடுவதாகச் சிலர் மருண்டுபோய், புள்ளி நடுவுக்கு வரும் கணத்தைப் பிடிக்கப் பார்த்து விசையை அவசரமாக இழுக்கிறார்கள். ஆட்டம் முன்பும் அதே அளவில்தான் இருந்தது.

புதியது என்பதால் ரெட் டாட் அதிகத் துல்லியமானது என்று எண்ணுவதுதான் மிகப் பரவலான தவறு. ஒலிம்பிக் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் சுடப்படுவது இதே .22 எல்.ஆர். தோட்டாதான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் அந்தப் போட்டியில்தான். அங்கே பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே, தொலைநோக்கிச் சைட்டுக்கும் ரெட் டாட்டுக்கும் அனுமதி கிடையாது, துளைவழி பார்க்கும் அயர்ன் சைட்டால்தான் சுடுகிறார்கள். ஒரு எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) என்பது 50 மீட்டரில் ஏறத்தாழ 14.5 மி.மீ.; அப்படியானால் 2 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கே 29 மி.மீ. அகலத்தை, அதாவது அந்தப் பத்துப் புள்ளி வளையத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அகலத்தை மறைக்கும். 6 எம்.ஓ.ஏ. புள்ளியோ 87 மி.மீ. மறைக்கும்.

இதைக் காட்டி ரெட் டாட்டைக் குறை சொல்கிறவர்கள் மறந்துவிடுகிற ஒன்று உண்டு. ரூகர் 10/22-இல் வரும் பொன்னிற மணி முன்குறியைப் போன்ற, 1.6 மி.மீ. அகலமுள்ள ஒரு மணி கண்ணிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருந்தால், அது 50 மீட்டரில் 10 செ.மீ.க்கும் சற்று அதிகமாக மறைக்கும். மணியின் உச்சியில் இலக்கை உட்காரவைத்துச் சுடுவதால் அந்த மறைப்பு நமக்கு உறுத்துவதில்லை, அவ்வளவுதான். எனவே எந்த அயர்ன் சைட்டோடு ஒப்பிடுகிறோம் என்பதைச் சொல்லாமல் பேசுவதில் பயனில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் பள்ளமும் மணியும் ஒரு வகை. கண்ணுக்கு அருகே சிறு துளையோடு இருக்கும் பீப் சைட் முற்றிலும் வேறு வகை. துளையின் நடுவே முன்குறியைக் கொண்டுவரும் வேலையைக் கண் தானாகவே செய்துகொள்கிறது. பின்குறி பின்னோக்கி நகர்வதால் இரு குறிகளுக்கும் இடையிலான தூரமும் கூடுகிறது. மலிவான பள்ளச் சைட்டோடு விலையுயர்ந்த ரெட் டாட்டை ஒப்பிட்டுவிட்டு, அயர்ன் சைட்டின் காலம் முடிந்தது என்று தீர்ப்புச் சொல்வது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

மறுபுறம், மேசையில் மணல் பையை வைத்து நிதானமாகச் சுட்ட தாளை மட்டும் காட்டி ரெட் டாட்டை எடைபோடுவதும் சரியல்ல. அதன் பலன் வேகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டீல் சேலஞ்ச் போட்டியில் இரும்புத் தகடுகளை நேரக் கணக்கில் சுட வேண்டும்; அதில் ரிம்ஃபயர் (.22 போன்ற, விளிம்பில் பற்றவைக்கும் தோட்டா) ரைஃபிளுக்கு, ரெட் டாட் போன்றவற்றுக்கு ஓப்பன் என்றும் அயர்ன் சைட்டுக்கு அயர்ன்ஸ் என்றும் தனித்தனிப் பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது நியாயமாகாது என்று போட்டி நடத்துகிறவர்களே முடிவுசெய்துவிட்ட விஷயம் இது.

தோட்டாவை மாற்றுவது சத்தமில்லாமல் நடக்கும் தவறு. .22 ரைஃபிள்களில் ஒவ்வொரு பேரலுக்கும் ஒவ்வொரு தோட்டா ஒத்துப்போகும். ஒரே நிறுவனத்தின் ஒரே பெயர்கொண்ட தோட்டாவிலேயே தயாரிப்புத் தொகுதி மாறினால் குரூப் மாறலாம். வழக்கமான வேகத் தோட்டா வினாடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்திலும், அதிவேகத் தோட்டா 375 மீட்டருக்கு மேலும் புறப்படும். அயர்ன் சைட்டுக்கு ஒரு பெட்டி, ரெட் டாட்டுக்கு வேறு பெட்டி என்று சுட்டால் நாம் சோதித்தது தோட்டாவைத்தான்.

கண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவே. அயர்ன் சைட்டில் பார்வை முன்குறியின் மேல் கூர்மையாக நிற்க வேண்டும், இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே முறை. ரெட் டாட்டில் இதற்கு நேர்மாறாக, இரு கண்களையும் திறந்துவைத்து இலக்கையே பார்க்க வேண்டும். புள்ளி தானாக அதன் மேல் வந்து அமரும். பல ஆண்டுகள் அயர்ன் சைட்டில் பழகியவர்கள் பழக்க தோஷத்தால் புள்ளியையே உற்றுப் பார்க்கிறார்கள். அப்போது இலக்கு மங்குவதோடு வேகமும் குறைகிறது. நாற்பத்தைந்தைக் கடந்து வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு முன்குறி கலங்கித் தெரியும். அவர்கள் ரெட் டாட்டில் நன்றாகச் சுடுவது அந்தச் சைட்டின் துல்லியத்தால் அல்ல, பார்வையை அருகில் குவிக்க வேண்டிய தேவை நீங்கியதால். அவர்களே பீப் சைட்டையும் சோதித்துப் பார்க்காமல் முடிவுக்கு வருவது அவசரம். சிறு துளை வழியே பார்க்கும்போது முன்குறியும் இலக்கும் ஓரளவு ஒருசேரத் தெளிவடையும்.

இதற்கு எதிர்த்திசையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரெட் டாட்டில் புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்ததுபோலவோ, திராட்சைக் கொத்துப்போலவோ தெரிந்தால், சைட் பழுது என்று கடைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறவர்கள் ஏராளம். அது பெரும்பாலும் கண்ணில் உள்ள ஆஸ்டிக்மேட்டிசம் (விழியின் வளைவு சீராக இல்லாத பார்வைக் குறை) காரணமாகத் தெரிவதுதான். சைட்டைக் கழற்றிக் கையில் பிடித்து, அதன் வழியே பார்த்தபடியே மெல்லச் சுழற்றினால் உண்மை தெரிந்துவிடும்: வாலும் கூடவே சுழன்றால் குறை சைட்டில், வால் அசையாமல் நின்றால் குறை கண்ணில். கண்ணில் என்றால் தேவை சரியான கண்ணாடி. வேறு சைட் வாங்குவது காசுக்குக் கேடு.

ஒளி இரண்டு சைட்டுகளையும் ஏமாற்றும். ரெட் டாட்டின் ஒளியைத் தேவைக்கு மேல் கூட்டினால் 2 எம்.ஓ.ஏ. புள்ளி விளிம்பு கலைந்து பெரிதாகத் தெரியும். வெயிலில் கூட்டியதை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளரங்கில் சுட்டுவிட்டுப் புள்ளி பெரிது என்று குறை சொல்லக் கூடாது. கண்ணுக்குச் சட்டென்று தெரியும் அளவுக்கு மட்டும் ஒளி இருந்தால் போதும். அயர்ன் சைட்டிலோ, மணியின் மேல் வலப்புற வெயில் விழும்போது அதன் வலது பக்கம் மட்டும் பளபளக்கும். அந்தப் பளபளப்பையே முழு மணியாகக் கண் எடுத்துக்கொண்டு அதை நடுவில் வைப்பதால் மணி உண்மையில் இடப்பக்கம் ஒதுங்கி, தோட்டாவும் இடப்பக்கம் போகும். காலையில் ஒரு சைட்டையும் வெயில் திரும்பிய பின் மற்றொன்றையும் சோதிப்பது ஏன் தவறு என்பதற்கு இது ஒன்றே போதும்.

உயர வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காதவர்கள் இலக்குத் தாளைப் பார்த்துக் குழம்புவார்கள். அயர்ன் சைட்டின் பார்வைக் கோடு பேரலின் நடுக்கோட்டுக்கு மேல் 18 மி.மீ., ரெட் டாட்டின் கோடு 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, வழக்கமான வேகத் தோட்டாவால் இரண்டையும் 50 மீட்டருக்கு ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே தோட்டா படும்படி சரிசெய்தால்), 10 மீட்டரில் அயர்ன் சைட் ஏறக்குறைய 5 மி.மீ. மேலேயும் ரெட் டாட் ஏறக்குறைய 13 மி.மீ. கீழேயும் சுடும். இரண்டுமே ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. 10 மீட்டரில் வைத்து ஒன்றைக் குறை சொல்வது கணக்கு அறியாமை. அதே உயரம் கன்னத்தையும் பாதிக்கிறது. அயர்ன் சைட்டுக்கென்று தாழ்வாகச் செதுக்கிய ஸ்டாக்கில் (தோளில் அண்டும் கட்டையில்) உயரமான ரெட் டாட்டைப் பொருத்தினால் கன்னம் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும், தலை ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்துக்கு வரும்.

தலை எங்கே இருந்தாலும் ரெட் டாட் சரியாகவே காட்டும் என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. 20 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடியின் விளிம்பு வழியே பார்த்தால், மிகச் சரியாக அமைந்த சைட்டில்கூடக் குறி 10 மி.மீ. வரை விலகலாம். தகடு சுடுகிறவருக்கு அது பொருட்டல்ல; 25 மீட்டரில் குரூப் அளக்கிறவருக்கு அது பெரிய தொகை. ரைஃபிளை மணல் பையில் அசையாமல் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் தலையை மட்டும் பக்கவாட்டில் நகர்த்தி, இலக்கின் மேல் புள்ளி எவ்வளவு ஊர்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

பொருத்தும் வேலைக்கு முன் மகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். இது எல்லோரும் அறிந்தது, இருந்தும் அவசரத்தில் விட்டுப்போவது. பல .22 ரைஃபிள்களின் மேற்புறத்தில் இருப்பது 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம், பெரும்பாலான ரெட் டாட்டுகளோ பிக்காட்டினி தண்டவாளத்துக்கென்று (குறுக்குப் பள்ளங்கள் கொண்ட பொருத்துப் பட்டைக்கென்று) செய்யப்பட்டவை. இரண்டையும் இணைக்க இடையில் ஒரு மலிவு அடாப்டரைப் போட்டால் தளர்வதற்கு இன்னோர் இடம் சேர்கிறது. .22-இல் உதைப்பு குறைவுதானே என்று திருகைக் கையால் முடுக்கி விடுகிறவர்களின் ஜீரோ சில பெட்டிகளுக்குள் அலைய ஆரம்பிக்கும்; அலுமினியத் தண்டவாளத்தில் பலம்கொண்ட மட்டும் முடுக்கினால் மரை போய்விடும். எண்ணெயைத் துடைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குவதே முறை.

ஜீரோ செய்யும்போது 1 எம்.ஓ.ஏ. கிளிக் (சரிசெய்யும் திருகின் ஒரு படி) என்பது 50 மீட்டரில் 14.5 மி.மீ., 25 மீட்டரில் அதில் பாதி என்பதை மறந்து, கிளிக் வேலை செய்யவில்லை என்று திருகிக்கொண்டே போகிறவர்கள் உண்டு. அயர்ன் சைட்டில், தோட்டா எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்குறியை நகர்த்த வேண்டும். நகர்த்துவது முன்குறி என்றால் எதிர்ப்பக்கம்.

வீட்டில் வெறும் விசையை இழுத்துப் பழகுவது இரண்டு சைட்டுக்கும் உதவும், ஆனால் ரிம்ஃபயரில் கவனம் தேவை. இவ்வகைத் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்பில் இருப்பதால் ஊசியும் விளிம்பில்தான் அடிக்கிறது. தோட்டா இல்லாதபோது சில ரைஃபிள்களில் அது சேம்பரின் வாயைக் குத்திப் பழுதாக்கும். கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யலாம், இல்லையெனில் .22-க்கான போலித் தோட்டாவைப் போட்டுக்கொள்ளலாம்.

சோதனையை ஒரே நாளில், ஒரே தொகுதித் தோட்டாவால், ஒரே தொலைவில், ஒரே மணல் பையின் மேல் வைத்துச் செய்ய வேண்டும். ஐந்து தோட்டாக் குரூப் ஒன்று தற்செயலாகவே சுருங்கலாம் என்பதால், ஒவ்வொரு சைட்டுக்கும் பத்துப் பத்தாகப் பல குரூப்கள் சுட வேண்டும். அயர்ன் சைட்டில் தொடங்கி, ரெட் டாட்டைப் பொருத்திச் சுட்டு, அதைக் கழற்றிவிட்டு மீண்டும் அயர்ன் சைட்டுக்குத் திரும்ப வேண்டும். இந்தக் கடைசிச் சுற்றைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. அது முதல் சுற்றோடு ஒத்துப்போகாவிட்டால், இடையில் மாறியது சுடுகிறவரின் களைப்போ வெயிலோ பேரலின் அழுக்கோ ஆகும். அன்றைய தாள்களை வைத்துக்கொண்டு இரண்டு சைட்டுகளில் எதைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது.