கஞ்சா நெய்யும் எண்ணெயும்: கனடாவின் வீட்டுச் சமையலறைகளில் தானியங்கி இயந்திரத்தைப் பயன்படுத்தும் முறை

கனடாவில் கஞ்சாச் சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல், வயது வந்தோர் சட்டப்படி வாங்கிய கஞ்சாவைச் சேர்த்துத் தம் வீட்டிலேயே உணவு தயாரித்துக்கொள்ளலாம். பியூட்டேன், புரொப்பேன் போன்ற எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களைக் கொண்டு சத்தைப் பிரித்தெடுப்பது மட்டும் தடைசெய்யப்பட்டுள்ளது. வெண்ணெயிலோ எண்ணெயிலோ ஊறவைப்பதற்குத் தடையில்லை. குறைந்தபட்ச வயது பெரும்பாலான மாகாணங்களில் 19, ஆல்பர்ட்டாவில் 18, கியூபெக்கில் 21. இங்கே சொல்லப்படுபவை யாவும் அந்தச் சட்ட எல்லைக்குள் வாழ்வோருக்கு மட்டுமே உரியவை. கஞ்சாவுடன் கனடாவின் எல்லையைக் கடப்பது, போகும்போதும் வரும்போதும் குற்றமாகும் என்பதால், ஊருக்குப் போகும் பெட்டியில் ஒரு சிறு புட்டி நெய்யைக்கூட வைக்கக் கூடாது.

கஞ்சாவைக் கொழுப்பில் சூடாக்கி ஊறவைக்க உதவும் இயந்திரங்களில் பரவலாக அறியப்பட்டவை மூன்று. மேஜிக்கல் பட்டர் என்பது, மூடியில் அரைக்கும் கத்தியும் சூடேற்றியும் பொருத்தப்பட்ட உயரமான எஃகுக் குவளை. இதில் 130, 160, 190, 220 பாகை ஃபாரன்ஹீட் என்று வெப்பநிலைக்குத் தனிப் பொத்தான்களும், 1, 2, 4, 8 மணி நேரத்துக்குத் தனிப் பொத்தான்களும் உண்டு. குறைந்தது இரண்டு கப், அதிகபட்சம் ஐந்து கப் கொழுப்பை ஊற்றலாம். லீவோ இயந்திரத்தில் இலையும் பூவும் துளையிட்ட சிறு கூண்டுக்குள் அடங்கியிருக்க, காந்தத்தால் சுழலும் துடுப்பு எண்ணெயை மட்டும் கலக்கிக்கொண்டிருக்கும். அதனால் எண்ணெய் தெளிவாக வரும், வடிகட்டும் வேலையும் குறையும். ஆர்டென்ட் முதலில் பூவைச் சூடாக்கிப் பதப்படுத்துவதற்கென்றே வந்தது. அதன் பிந்தைய வகை ஊறவைக்கும் வேலையையும் செய்கிறது. மாதம் ஒருமுறை கொஞ்சமாகச் செய்பவருக்கு, இரண்டு கப்புக்குக் குறைவாகவும் ஏற்கும் சிறிய இயந்திரமே ஏற்றது என்பது என் கருத்து.

எந்த இயந்திரமானாலும் அது பார்த்துக்கொள்வது சூட்டையும் கலக்குவதையும்தான். பூவை முன்கூட்டிப் பதப்படுத்துவதைச் சில வகைகள் செய்யும், சில செய்யா. மயக்கம் தரும் பொருளான டி.எச்.சி. ஒரு கரண்டியில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதை எதுவுமே சொல்லாது. அந்தக் கணக்கு நம்முடையது.

பச்சைப் பூவில் இருப்பது பெரும்பாலும் டி.எச்.சி.ஏ என்னும் அமிலம்; அது மயக்கம் தருவதில்லை. சூடுபட்டுக் கரியமில வாயுவை இழந்த பிறகுதான் அது டி.எச்.சி. ஆகிறது. மேஜிக்கல் பட்டர் கொழுப்பைச் சூடாக்கும் 160 பாகை ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 71 பாகை செல்சியஸ், இந்த மாற்றத்துக்குப் போதாது. எனவே அதைப் பயன்படுத்துபவர், பூவைக் கையால் பெரிய துணுக்குகளாக உதிர்த்து, தாள் விரித்த தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, மேலே அலுமினியத் தாளால் மூடி, 115 பாகை செல்சியஸ் அடுப்பில் சுமார் 40 நிமிடம் வைக்க வேண்டும். பச்சை நிறம் மங்கி இளம்பழுப்பாகி, விரலுக்கிடையில் நசுக்கினால் சருகுபோல் பொடிந்தால் பதம் சரி. வீட்டு அடுப்புகளின் முகப்பில் தெரியும் எண்ணை அப்படியே நம்ப முடியாது; உள்ளே வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் சூடு மிஞ்சினால் டி.எச்.சி. சிதைந்து வேறொன்றாகிவிடும். அடுக்குமாடியில் வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த 40 நிமிடமும் வாசனை தாழ்வாரம் வரைக்கும் போகும்.

அடுத்தது கொழுப்பு. கடையில் விற்கும் வெண்ணெயில் நீரும் பால் திடப்பொருளும் கலந்திருப்பதால், அது சீக்கிரம் கெடும், அடிப்பிடிக்கவும் செய்யும். முதலில் அதை உருக்கி நெய்யாக்கிவிட்டு ஊறவைப்பதே மேல். நெய் உருக்கத் தெரிந்த வீட்டில் இதற்குத் தனிப் பாடம் வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயும் நன்றாக ஏற்கும், குளிரில் உறைந்து அளக்க எளிதாக இருக்கும். மாவிலும் பாலிலும் சீராகப் பரவ வேண்டுமானால் கொழுப்பும் நீரும் கலக்க உதவும் சூரியகாந்தி லெசித்தின் சிறிது சேர்க்கலாம்.

இனி கணக்கு. கனடாவில் உரிமம் பெற்ற கடையில் வாங்கும் பொட்டலத்தின் லேபிளில் மொத்த டி.எச்.சி. எவ்வளவு என்று கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என அச்சிட்டிருக்கும்; சூடேற்றும்போது அமிலம் மாறும் கணக்கு அந்த எண்ணிலேயே அடங்கிவிட்டது. கிராமுக்கு 200 மில்லிகிராம் உள்ள பூவில் 3.5 கிராம் எடுத்தால் மொத்தம் 700 மில்லிகிராம். அதை இரண்டு கப், அதாவது 500 மில்லிலிட்டர் நெய்யில் ஊறவைத்தால், 5 மில்லிலிட்டர் தேக்கரண்டி நூறு கிடைக்கும்; ஒரு தேக்கரண்டிக்கு 7 மில்லிகிராம். உண்மையில் முழுவதும் கொழுப்பில் இறங்குவதில்லை, கொஞ்சம் சக்கையிலேயே தங்கிவிடும். ஆனாலும் அந்த இழப்பை ஊகித்துக் கழிக்காமல், முழுவதும் இறங்கியதாகவே வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. கனடாவில் கடையில் விற்கும் உண்பொருள் ஒரு பொட்டலத்துக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. இணையத்தில் உலவும் பல குறிப்புகள் இதே இரண்டு கப்புக்கு 28 கிராம் போடச் சொல்கின்றன. கணக்குப் போட்டால் அது ஒரு தேக்கரண்டிக்கு 56 மில்லிகிராம். புதிதாகத் தொடங்குபவருக்குக் கனடாவின் சுகாதாரத் துறை சொல்லும் அளவு 2.5 மில்லிகிராமோ அதற்குக் குறைவோதான்.

ஆகவே 24 பிஸ்கட் செய்வதானால், நாம் மேலே கணக்கிட்ட நெய்யில் 8 தேக்கரண்டி மட்டும் எடுத்து, பிஸ்கட்டுக்கு வேண்டிய மீதி நெய்யைக் கஞ்சா சேராத சாதாரண நெய்யாகவே சேர்க்க வேண்டும். 56 மில்லிகிராம் 24 பிஸ்கட்டுக்குப் பிரியும்போது ஒன்றுக்கு சுமார் 2.3 மில்லிகிராம் வரும். மாவோடு சேர்ப்பதற்கு முன் இரண்டு நெய்யையும் இளகிய நிலையில் ஒன்றாக அடித்துக் கலக்காவிட்டால், ஒரு பிஸ்கட்டில் ஒன்றுமில்லாமலும் இன்னொன்றில் இரட்டிப்பாகவும் போய்ச் சேரும்.

மேஜிக்கல் பட்டர் இயந்திரத்தை ஓட்டுவது இவற்றுக்குப் பிறகு எளிது. உருக்கிய கொழுப்பைக் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல், அதிகபட்சக் கோட்டுக்குள் ஊற்றி, பதப்படுத்திய பூவைப் போட்டு, மூடியை அழுத்திப் பூட்டி, 160 பாகையும் 2 மணி நேரமும் தேர்ந்தெடுத்தால் போதும். பூவை முன்பே மாவாக அரைத்துப் போடக் கூடாது. கத்தி மேலும் அரைத்து, நெய் புல் வாடை அடிக்கும் பச்சைக் கூழாகிவிடும். நேரம் முடிந்ததும் கனத்த கையுறையோடு குவளையைத் தூக்கி, நுண்ணிய வடிகட்டிப் பை வழியாகக் கண்ணாடிப் புட்டியில் ஊற்ற வேண்டும். பையைப் பிழிந்து கடைசிச் சொட்டையும் எடுக்க ஆசை வரும். லேசாக அழுத்துவதோடு நிறுத்தினால் கசப்பு குறையும். சாராயத்தைச் சூடாக்கும் முறையை மட்டும் வீட்டில் தொட வேண்டாம், அதன் ஆவி தீப்பற்றும்.

கழுவும்போது, மோட்டார் உள்ள மூடியை நீரில் அமிழ்த்தக் கூடாது. ஒட்டியிருக்கும் நெய்யை முதலில் காகிதத்தால் துடைத்தெடுத்த பிறகு, குவளையில் வெந்நீரும் சோப்பும் விட்டுச் சற்று நேரம் ஓட்டலாம். நெய்யை அப்படியே தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். இதே இயந்திரத்தில் கறிவேப்பிலை எண்ணெயும் முருங்கையிலை நெய்யும் அருமையாக வரும் என்றாலும், வீட்டார் எல்லோரும் உண்பதற்கானதை இதில் செய்யாமல் இருப்பதே முறை.

கெடாமல் வைப்பதில் ஈரமே பகை. ஈரமுள்ள இலைத்துணுக்கோ பூண்டோ எண்ணெய்க்குள் காற்றின்றி அறைச்சூட்டில் கிடந்தால் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சு உருவாகலாம். அந்த நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகளை இயந்திரத்தின் சூடு கொல்லாது. ஆகையால் நன்றாக வடிகட்டி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இந்த நெய் பார்ப்பதற்குச் சற்றுப் பச்சை கலந்த சாதாரண நெய்தான். பருப்புச் சோற்றில் விட்டுக்கொள்ள யார் வேண்டுமானாலும் எடுத்துவிடுவார்கள். புட்டியின்மேல் பொருளின் பெயர், செய்த தேதி, தேக்கரண்டிக்கு எத்தனை மில்லிகிராம் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டி, பூட்டுள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

உண்ட கஞ்சா வேலைகாட்ட அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகலாம். உச்சம் தொட நான்கு மணி நேரம் வரை பிடிக்கலாம். விளைவு 12 மணி நேரம் வரையிலும், மந்தம் மறுநாள் வரையிலும் நீடிக்கலாம். ஒன்றும் தெரியவில்லையே என்று ஒரு மணி நேரத்தில் இரண்டாவது பிஸ்கட்டை எடுப்பதுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். அன்று வண்டி ஓட்டக் கூடாது. கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், தமக்கோ குடும்பத்தினருக்கோ மனச்சிதைவு நோய் இருந்தவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். குழந்தை ஒன்று தெரியாமல் உண்டுவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால், அறிகுறிக்காகக் காத்திராமல் நஞ்சுத் தகவல் மையத்தை அழைக்க வேண்டும். குழந்தை அளவுக்கு மீறி அசந்துபோனாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ உடனே 911. அப்போது எடுத்துச் சொல்ல வேண்டியது, புட்டியில் எழுதி ஒட்டிய அந்த மில்லிகிராம் கணக்கும் உண்ட நேரமும்.