ஏசி மெக்கானிக் படித்துவிட்டு சொந்தமாகக் கிளம்புகிறவர்களுக்கு

ஐடிஐயில் ரெஃப்ரிஜரேஷன், ஏர் கண்டிஷனிங் 2 வருஷம் படித்து, ஒரு கடையில் ஹெல்பராகவும் இருந்துவிட்டு வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவுண்ணே மானியம் கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பேன்: ஐப்பசி, கார்த்திகையில் கடன் தவணையை எதிலிருந்து கட்டுவாய்?

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் தொழில் மாசியில் சூடுபிடித்து ஆனி வரை ஓடும். மழை பிடித்துவிட்டால் போன் அடிக்காது, தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அதனால் சித்திரை வருமானத்தைப் பார்த்துக் கடன் கேட்காதீர்கள். கார்த்திகையில் என்ன கட்ட முடியுமோ அதுதான் உங்கள் தவணை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வேலையும் தெரிந்திருந்தால் மழைக்காலம் ஓரளவு ஓடும். கிளினிக், நகைக்கடை மாதிரி இடங்களில் வருஷக் கான்ட்ராக்ட் நாலைந்து பிடித்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆரம்பத்தில் கடை வேண்டாம் என்பது என் கட்சி. அட்வான்சும் வாடகையும் கருவி வாங்க வேண்டிய பணத்தைத் தின்றுவிடும். வேக்கம் பம்ப், கேஜ், ஃபிளேரிங் டூல், பிரேஸிங் செட், கிளாம்ப் மீட்டர், கேஸ் எடைபோடும் தராசு, கழுவும் பம்ப், நல்ல ஏணி, ஒரு பைக். இவ்வளவு போதும். வேக்கம் பம்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வேக்கம் சரியாக இழுக்காமல், அதாவது குழாயில் உள்ள காற்றை முழுசாக உறிஞ்சி எடுக்காமல் கேஸ் ஏற்றினால் அதே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும்.

சரி, பணம். கருவிக்கு மட்டும் என்றால் முத்ரா போதும், சிறுதொழிலுக்கு வங்கியில் கிடைக்கும் மத்திய அரசுத் திட்டக் கடன் அது. சிசு பிரிவில் 50,000 வரை, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர். அடமானம் கேட்கக் கூடாது. ஆனால் முத்ராவில் மானியம் இல்லை.

உதிரிபாகம் வைத்து விற்க, ஆள் வைக்க என்று பெரிதாக யோசித்தால் பிஎம்இஜிபி, அதாவது மானியத்தோடு வங்கிக் கடன் தரும் மத்திய அரசுத் திட்டம். மாவட்டத் தொழில் மையம் வழியாக விண்ணப்பிக்கலாம், எங்களுக்குத் தூத்துக்குடி. இது புதிய தொழிலுக்கு மட்டும்தான். முத்ரா வாங்கித் தொழிலைத் தொடங்கிவிட்டுப் பிறகு இதற்குப் போனால், ஏற்கெனவே நடக்கும் தொழில் என்று தள்ளிவிடுவார்கள். ஆகவே இரண்டில் எது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

கணக்கு இப்படி. திட்ட மதிப்பு 3 லட்சம், இடம் கிராமப் பஞ்சாயத்து, நீங்கள் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போட வேண்டிய கைப்பணம் 5 சதவீதம், அதாவது 15,000. மானியம் 35 சதவீதம், 1,05,000. மீதி 1,80,000தான் உண்மையான கடன். அதே தொழிலை நகராட்சி எல்லைக்குள் வைத்தால் மானியம் 25 சதவீதமாகிவிடும். பொதுப் பிரிவுக்குக் கைப்பணம் 10 சதவீதம். மானியம் கிராமத்தில் 25 சதவீதம், நகரத்தில் 15. பெண்கள், எஸ்சி, எஸ்டி, சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினர் எல்லாருக்கும் ஓபிசிக்குள்ள கணக்கேதான்.

மானியத்தைக் கையில் தர மாட்டார்கள். உங்கள் பெயரில் 3 வருஷம் வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி கிடையாது, கடனில் அந்த அளவுக்கு உங்களிடமும் வட்டி வாங்க மாட்டார்கள். 3 வருஷம் தொழில் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். மானியத்துக்காகத் திட்டத்தை ஊதிப் பெரிதாக்கி, நடுவில் மூட்டை கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வங்கிக்குப் போகும்போது ஜிஎஸ்டி எண் உள்ள கடையின் கொட்டேஷனோடு போங்கள். மேனேஜர் கேட்கப்போவது மாதம் எத்தனை சர்வீஸ், யார் வாடிக்கையாளர் என்றுதான். ஆடிட்டர் அடித்துக் கொடுத்த திட்ட அறிக்கையைப் படிக்காமல் நீட்டினால் அங்கேயே திணறுவீர்கள்.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுக்கு ஆதார், பான் போதும், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். சர்வீஸ் வேலைக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டும் வரை ஜிஎஸ்டி கட்டாயமில்லை. சில கம்பெனிகள் ஜிஎஸ்டி எண் இருந்தால்தான் வேலை தரும். அப்போது நீங்களாகவே பதிவு செய்துகொள்ளலாம். அப்புறம் வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும்.