எண்ணூர் விரைவு சாலையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்போம்: மென்பொருள் முகவர்கள் வழியாகப் போக்குவரத்து சிமுலேஷன்

காசிமேட்டிலிருந்து வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதையும், மிச்சமிருக்கும் இடத்தில் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும் டூவீலரும் நெருக்கியடித்துச் செல்வதையும் வட சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தச் சாலையை வழக்கமான முறையில் கணக்கிடுபவர்கள் ஒரு காரை 1 என்று வைத்து, எல்லா வாகனங்களையும் கார் அலகுகளாக மாற்றிக் கூட்டுகிறார்கள். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் (ஐஆர்சி) ஊரகச் சாலைகளுக்கான ஐஆர்சி 64 என்ற 1990-ஆம் ஆண்டு வழிகாட்டியில் டூவீலர் 0.5, லாரி 3, டிராக்டர் டிரெய்லர் 4.5 என்ற மதிப்புகள் உள்ளன. சாலையின் மொத்தக் கொள்ளளவை மதிப்பிட இது போதும். ஆனால் ஒரு டிரெய்லர் சிக்னலில் மெதுவாகக் கிளம்பும்போது அதன் பின்னால் நிற்கும் பேருந்துக்கு என்ன ஆகிறது என்பதை இந்தக் கூட்டல் ஒருபோதும் காட்டாது.

முகவர் முறையில் ஒவ்வொரு வாகனமும் ஒரு தனி மென்பொருள் முகவர். தன் முன்னால் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, தான் எங்கே போக வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்கலாம் என்பதை அதுவே பார்த்து, அதுவே முடிவெடுக்கும். நெரிசலை நாம் எழுதி வைப்பதில்லை. அந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதுவதால் அது தானாக உருவாகிறது. 1992-இல் நாகெல், ஷ்ரெக்கன்பெர்க் ஆகிய இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், வேகம் கூட்டு, இடைவெளிக்கு ஏற்பக் குறை, சில வேளை காரணமின்றிக் கொஞ்சம் தயங்கு, நகர் என்ற நான்கே விதிகளால் நெடுஞ்சாலை நெரிசலைக் கணினியில் வரவழைத்தார்கள். ஜப்பானில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொல்லி நடத்தப்பட்டு 2008-இல் வெளியான சோதனையிலும், எந்தத் தடையும் இல்லாமலே நெரிசல் அலை தோன்றியது.

கருவியும் வரைபடமும்

இதற்கு சுமோ என்ற இலவச, திறமூல மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். ஜெர்மன் விண்வெளி மையம் வளர்த்து வரும் இது 2001 முதல் கிடைக்கிறது. நிறுவியதும் அதனுடன் வரும் ஓஎஸ்எம் வெப் விசார்டைத் திறந்தால், பிரவுசரில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடம் விரியும். திருவொற்றியூரில் விரைவு சாலையின் ஒரு சந்திப்பையும் அதன் இருபுறமும் ஒரு கிலோமீட்டரையும் மட்டும் கட்டத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள். வட சென்னை முழுவதையும் முதல் நாளே இழுத்தால் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

விசார்டில் இடப்பக்கப் போக்குவரத்துக்கான தேர்வை மறக்காமல் இயக்குங்கள். பிறகு சுமோவுடன் வரும் திருத்தக் கருவியான நெட்எடிட்டில் வரைபடத்தைத் திறந்து, தடங்களின் எண்ணிக்கை, யூ-டர்ன் இடைவெளிகள், சிக்னல் உள்ள இடங்கள் ஆகியவற்றை நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கும்மிடிப்பூண்டி மார்க்கத்துத் தண்டவாளத்தைக் கடக்கும் கேட் உங்கள் கட்டத்துக்குள் வந்தால், ரயில்களையும் முகவர்களாகச் சேர்க்க வேண்டும். ரயில் வராத வரை சுமோவில் அந்த கேட் மூடவே மூடாது.

வாகனங்களுக்குக் குணம் கொடுத்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சுமோவின் இயல்பு மதிப்புகள் தடம் மாறாமல் ஓட்டும் ஊர்களுக்கானவை. அதன் இயல்பு கார் 5 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம் கொண்டது. முன் வாகனத்திலிருந்து 2.5 மீட்டர் விட்டு நிற்கும். தடத்தின் அகலம் 3.2 மீட்டர். ஒரு தடத்தில் ஒரு வாகனம்தான் செல்லும் என்பதும் அதன் இயல்பு. வட சென்னையின் டோல்கேட் பகுதியில் அப்படியா ஓட்டுகிறார்கள்?

ஆகவே அமைப்புக் கோப்பில் பக்கவாட்டுத் துல்லியத்தை 0.8 மீட்டர் என்று கொடுங்கள். இப்போது ஒவ்வொரு தடமும் நான்கு குறுந்தடங்களாகப் பிரிந்து, இரண்டு டூவீலர்கள் பக்கம் பக்கமாகப் போக முடியும். அடுத்து வாகன வகைகளை நீங்களே எழுதுங்கள். ஆட்டோ சுமார் 2.6 மீட்டர் நீளமும் 1.3 மீட்டர் அகலமும் கொண்டது. டூவீலருக்கு நிற்கும் இடைவெளியை ஒரு மீட்டருக்கும் கீழே குறையுங்கள். நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய லாரிக்கு 16.5 மீட்டர் நீளமும் காரைவிட மிகக் குறைந்த முடுக்கமும் கொடுங்கள்.

எந்த வகை எத்தனை என்பதைச் சாலையோரம் நின்று எண்ணித்தான் அறிய வேண்டும். பாதுகாப்பான நடைபாதையில் ஒரு மணி நேரம் நின்று, கால் மணிக்கு ஒரு தாள் என்று வகைவாரியாகக் கோடு போட்டு எண்ணினால் போதும். இந்தத் தாள்கள் இல்லாமல் ஓட்டும் சிமுலேஷனை நான் நம்பமாட்டேன்.

வரிசையை மறைத்துவிடும் அமைப்பு

வட சென்னைக்கு மிக முக்கியமான ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். சுமோவில் ஒரு வாகனம் 300 விநாடி நகராமல் சிக்கிக் கிடந்தால், மென்பொருள் அதைத் தூக்கி வழியில் முன்னே எங்காவது வைத்துவிடும். சிமுலேஷன் முழுவதும் உறைந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. ஆனால் மணிக்கணக்கில் லாரிகள் நிற்கும் சாலையில், இது நாம் ஆராய வந்த வரிசையையே அழித்துவிடுகிறது. அமைப்புக் கோப்பில் டெலிபோர்ட் நேரம் எனப்படும் இந்த 300 விநாடியை மைனஸ் ஒன்று ஆக்கினால் இது நின்றுவிடும்.

இனித் துறைமுக வாயிலை மாதிரியில் கொண்டுவரலாம். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட் உங்கள் கட்டத்துக்கு வெளியே இருந்தாலும் அதன் விளைவு உள்ளே வரும். அதனால் தெற்கு முனையில் ஒரு தடத்தில், ஒவ்வொரு லாரியும் சரிபார்ப்புக்காக 120 விநாடி நிற்குமாறு நிறுத்தம் ஒன்றை வையுங்கள். நிறுத்தத்தைப் பார்க்கிங் என்று குறிக்காதீர்கள். குறித்தால் லாரி தடத்தை விட்டு விலகிப் பின்னால் வருபவர்களுக்கு வழிவிட்டுவிடும்.

கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு லாரி என்றால் மணிக்கு 30 உள்ளே போகும். மணிக்கு 40 வந்தால் பத்து மிச்சம். ஒரு லாரி இடைவெளியோடு 19 மீட்டர் பிடிக்கும் என்பதால், வரிசை மணிக்கு 190 மீட்டர் வளரும். ஆறு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். இவை எடுத்துக்காட்டு எண்கள். ஆனாலும் நடுவில் உள்ள சிக்னலை எப்படித் திருகினாலும் இந்த வரிசை குறையாது என்பது இதிலேயே தெரிகிறது.

உண்மையோடு ஒப்பிடுதல்

நீங்கள் எண்ணியதற்கும் மாதிரி காட்டுவதற்கும் உள்ள இடைவெளியை ஜிஇஹெச் என்ற அளவால் பார்க்கலாம். ஒரு மணி நேர எண்ணிக்கைகளின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, இரண்டால் பெருக்கி, இரு எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். சாலையில் 500, மாதிரியில் 420 என்றால் விடை சுமார் 3.7. ஐந்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பது நடைமுறை. வரிசையின் நீளத்தையும் கண்ணால் ஒப்பிடுங்கள். எண்ணிக்கை பொருந்தி, வரிசை பொருந்தாமல் போவது உண்டு.

சிக்னலையும் வாயிலையும் முகவராக்குதல்

மாதிரி பொருந்திய பிறகே நிர்வாகத்துக்கு வர வேண்டும். நெட்எடிட்டில் சிக்னலை முதலில் நிலையான நேரத்தில் ஓட்டி முடிவைச் சேமியுங்கள். பிறகு அதன் வகையை 'ஆக்சுவேட்டட்' என்று மாற்றி, பச்சைக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச நேரங்களைக் கொடுங்கள். இந்த சிக்னல் தரையில் உள்ள உணரிகளைப் பார்த்து, வாகனம் தொடர்ந்து வந்தால் பச்சையை நீட்டும். 3 விநாடிக்கு மேல் இடைவெளி விழுந்தால் வரிசை முடிந்தது என்று நினைத்து மாற்றிவிடும். சரக்கேற்றிய இரண்டு டிரெய்லர்கள் அடுத்தடுத்துக் கிளம்பும்போது அந்த இடைவெளி சுலபமாக விழுந்துவிடும். வரிசை பாதியில் வெட்டுப்படும். அந்த மதிப்பை 4, 5 என்று உயர்த்தி ஓட்டிப் பார்த்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாயிலுக்கான முகவர் வேறு விதமானது. லாரிகள் சாலையில் வந்து நிற்பதற்குப் பதிலாக, மணலிப் பக்கத்தில் கற்பனையான ஒரு லாரி நிறுத்துமிடத்தில் காத்திருக்கட்டும். வாயிலில் வரிசை ஐந்துக்குக் கீழே வந்தால் அடுத்த லாரியை விடுவிக்கும் சிறு நிரலைப் பைத்தானில் எழுதி, ட்ரேசி என்ற இணைப்பு வழியாக ஓடும் சிமுலேஷனோடு பேச வையுங்கள். நிபந்தனை ஒன்றே என்பதால் நிரலும் சில வரிகளில் முடியும். என் கருத்தில், இந்தச் சாலைக்குப் புத்திசாலி சிக்னலைவிட இந்த எளிய காவலாளி முகவரே முதலில் சோதிக்கத் தக்கது.

ஓட்டுநர்கள் கைபேசி பார்த்து வழி மாற்றுவதையும் சேர்க்கலாம். வரைபடக் கட்டத்தைத் தெற்கே தண்டையார்பேட்டை வரை நீட்டி, சுமோவில் உள்ள மறுவழி தேடும் சாதனத்தை முப்பது சதவீத வாகனங்களுக்குக் கொடுத்தால், தண்டையார்பேட்டையின் உட்தெருக்கள் எப்போது நிரம்பத் தொடங்குகின்றன என்பது தெரியும். அதற்குமுன் அந்தத் தெருக்களில் லாரிக்கு அனுமதி இல்லை என்று நெட்எடிட்டில் குறித்துவிடுங்கள்.

கடைசியாக முடிவுகளைப் படிப்பது. சுமோ ஒவ்வொரு முறையும் ஒரே தற்செயல் விதையோடு, அதாவது தற்செயல் முடிவுகளுக்குத் தொடக்கமாகும் ஒரே எண்ணோடு, தொடங்குவதால், திரும்பத் திரும்ப ஓட்டினாலும் அதே விடைதான் வரும். ஒவ்வொரு திட்டத்தையும் குறைந்தது பத்து வெவ்வேறு விதைகளோடு ஓட்டி, பயண விவரக் கோப்பிலிருந்து காத்திருந்த நேரத்தை வகைவாரியாகச் சராசரி எடுங்கள். எல்லா வாகனங்களுக்கும் ஒரே சராசரி எடுத்தால், அறுபது பேரோடு நிற்கும் பேருந்தும் ஒருவர் ஓட்டும் காரும் ஒரே மதிப்பைப் பெற்றுவிடும். ஆகவே பேருந்தின் காத்திருப்பைப் பயணிகளின் எண்ணிக்கையால் பெருக்கித் தனி வரிசையில் எழுதுங்கள்.