ஹீட்டரை அணைத்துவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்

போன வாரம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த தம்பி ஒருவர், கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "எல்லாத்தையும் ஆஃப் பண்ணியாச்சுண்ணா, வீட்டைச் சூடாக்குற ஹீட்டர் உட்பட" என்றார் பெருமையாக. பெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி, அவரை வீட்டுக்குள் திரும்ப இழுத்துப் போனேன்.

அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் பிரெக்கென்ரிட்ஜில் எனக்கு இது 11-வது குளிர்காலம். 1859-இல் தங்கம் தேடி வந்தவர்கள் போட்ட ஊர். பனிச்சறுக்கு வந்தது 1961-இல்தான். கடல்மட்டத்திலிருந்து 2,900 மீட்டருக்கு மேலே இருக்கிறோம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்பதையெல்லாம் விடுதிக்காரரே சொல்லிவிடுவார். நான் சொல்ல வந்தது, இங்கேயே குடியிருக்க வருகிறவர்கள் செய்கிற தவறுகளை.

ஹீட்டரை அணைப்பது

கேஸை மூடினாயா, மோட்டாரை நிறுத்தினாயா, மெயினை அணைத்தாயா என்று வாசலில் மூன்று தரம் கேட்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். முதல் வருடம் பொங்கலுக்கு மதுரை கிளம்பியபோதும் அதே கை, அதே பழக்கம். மூன்று வாரத்துக்கு எரிவாயுக் கட்டணம் மிச்சம் என்று கணக்கு வேறு போட்டேன்.

ஜனவரி இரவுகளில் இங்கே மைனஸ் 15 செல்சியஸுக்கும் கீழே போவது சாதாரணம். நான் இருந்தது சுரங்கக்காரர்கள் காலத்து மரவீடு. கட்டியபோது அதில் குழாயே கிடையாது. பின்னால் வந்தவர்கள் இடம் கிடைத்த பக்கமெல்லாம் குழாய் இழுத்திருந்தார்கள். சமையலறைக் குழாய் வெளிச்சுவருக்குள்ளேயே போனது.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். குழாயில் ஓரிடத்தில் பனி அடைத்துக்கொண்டு வளர வளர, அதற்கும் மூடிய திருகுக்கும் நடுவே மாட்டிய தண்ணீர் நெருக்குப்பட்டுச் செம்புக் குழாயையே பிளந்துவிடும். பிளந்த அன்றைக்கு ஒரு சொட்டும் ஒழுகாது, ஏனென்றால் பனியேதான் அடைப்பான். அதனால் ஊரிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு போட்டது போட்டபடி இருந்தது. ஹீட்டரை முழுதாகத் திருகிவிட்டு, பயணக் களைப்பில் படுத்தோம். விடியற்காலை சலசலவென்று சத்தம். மழை பெய்கிறது என்றாள் மனைவி, தூக்கத்தில். ஜனவரியில் இங்கே ஏது மழை?

மரத்தரை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. சுவரைப் பெயர்த்து, உலர்த்தி, திரும்பக் கட்ட மே மாதம் ஆனது. காப்பீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "வெப்பம் ஓடிக்கொண்டிருந்ததா?" இல்லை என்றேன். பத்திரத்தில் அந்த நிபந்தனை இருந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. மிச்சம் பிடிக்கப் பார்த்தது மூன்று வாரக் கட்டணத்தை. போனதோ ஒரு நல்ல கார் வாங்கும் பணம். இப்போது எழுதும்போதும் எரிச்சலாக இருக்கிறது.

அதற்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொள்வதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. நான் செய்வது இவ்வளவுதான்: வீட்டுச் சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட்டை 55 பாரன்ஹீட்டுக்கு, அதாவது 13 செல்சியஸுக்குக் கீழே இறக்குவதில்லை. தண்ணீர் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து வடித்துவிடுவேன். வெளிச்சுவரை ஒட்டிய பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரிக் கதவுகள், உள்ளே சூடு போக, திறந்தே கிடக்கும். தரைக்கடியில் சுடுநீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் அமைப்பு இருந்தாலோ, தீயணைப்புத் தெளிப்பான் இருந்தாலோ, வால்வைத் தொடுவதற்கு முன் பிளம்பரைக் கேளுங்கள். முக்கியமாக, யாராவது ஒருவர் அடிக்கடி வந்து உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆல் வீல் டிரைவை நம்புவது

கார் இன்ஜினின் விசை நான்கு சக்கரத்துக்கும் போகும் அந்த வசதி, பனிச்சாலையில் கிளம்பத்தான் உதவும். நிற்பதற்குப் பனிக்கால டயர் வேண்டும்.

குக்கர் இல்லாமல் வருவது

இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பைப் போட்டால் பொழுது போகும், பருப்பு வேகாது.

கோடையை லேசாக நினைப்பது

பனி போனதும் ஆபத்தும் போயிற்று என்று நினைக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் குவாண்டரி மலை 4,300 மீட்டருக்கு மேல். நடை கஷ்டமில்லை, இடிதான் கஷ்டம். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டுவிடும். மரங்கள் வளர்வது நின்றுபோகும் உயரத்துக்கு மேலே ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. இருட்டோடு கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள். பத்து மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆலங்கட்டி மழையில் நனைந்து, பாதி வழியிலேயே திரும்பினோம்.

ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் விருந்தாளிகளை அழைப்பது

பனி உருகிய சேறு. கடைகள் பாதி பூட்டியிருக்கும். வேண்டாம்.