வெள்ளி மங்கினால் கோள்தானா?

தொலைகாட்டி வாங்கிய பெடியள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, சிரியசுக்குப் பக்கத்தில ஏதும் கோள் தெரியுமோ?" என்றுதான். தெரியாது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் இந்தக் கோள்களை நாங்கள் கண்ணால் பார்ப்பதில்லை. கோள் குறுக்கே போகும்போது வெள்ளியின் ஒளி எவ்வளவு குறைகிறது என்று அளக்கிறோம், அவ்வளவுதான். (நான் சொல்வது நட்சத்திரத்தை. யாழ்ப்பாணத்தில் அதுவும் வெள்ளிதானே!)

வெள்ளி எவ்வளவு பிரகாசமோ அவ்வளவு சுகம் என்று நினைப்பது பிழை. கமராவின் ஒவ்வொரு பிக்சலும் ஒரு குடம் மாதிரி. நிரம்பி வழியும் குடத்துக்கு 2 வீதம் குறைவாக ஊற்றினாலும் அது நிறைகுடந்தான். படத்தில் ஒரு மாற்றமும் இராது. நிறைகுடம் தளும்பாது என்பது மனிதருக்குப் பெருமை, இங்கே வில்லங்கம். அதனால், மினக்கெட்டு ஊசிமுனையாகக் குவித்ததைக் கொஞ்சம் கலைத்துவிடச் சொல்வேன். வெள்ளி சிறு வட்டமாகப் பரவினால் ஒளி பல பிக்சல்களுக்குப் பங்கிடப்படும்.

பழகுவதற்கு எச்டி 189733 என்ற வெள்ளி நல்லது. ஏறத்தாழ 64 ஒளியாண்டுத் தூரம். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, பைனாக்குலருக்குத் தெரியும். 2005இல் கண்டுபிடித்த அதன் கோள் 2.2 நாளுக்கொருமுறை குறுக்கே வந்து ஒளியை 2.4 வீதமளவில் குறைக்கும். ஆவணி மாத இரவுகளில் எங்கள் உச்சிக்குக் கிட்டவே நிற்கும்.

இதில்தான் நான் மாட்டுப்பட்டேன். நள்ளிரவு தாண்டி, வெள்ளி மேற்கே சாய்ந்த நேரம். வரைபில் கோடு அழகாக இறங்கி மெல்ல ஏறியது. கோள்தான் என்று துள்ளினேன். விடிந்து பார்த்தால், சோளகத்துக்கு ஆடிக்கொண்டு நிற்கிறது வேலிப் பனையின் ஓலை. நேர அட்டவணையைப் பார்த்திருந்தால், அன்றிரவு கோள் குறுக்கே வராது என்றாவது விளங்கியிருக்கும். அதே படத்தில், ஏறத்தாழ அதே பிரகாசமுள்ள இன்னொரு வெள்ளியையும் சேர்த்து அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக மங்கினால் காரணம் எங்கள் பக்கம்: முகில், பனி, ஓலை.

பெரியவர்களும் இதற்குத் தப்பவில்லை. 6 ஒளியாண்டுத் தூரத்திலுள்ள பார்னார்டு நட்சத்திரம் தள்ளாடுகிறது, அதை இழுக்க ஒரு கோள் உண்டு என்று 1963இல் வானியலாளர் பீற்றர் வான் டி காம்ப் அறிவித்தார். பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது, அந்தத் தள்ளாட்டம் தொலைகாட்டியின் வில்லையைக் கழற்றித் திருத்திய காலங்களோடு ஒத்துப்போகிறது என்று.

ஒருமுறை மங்கியதை வைத்துக் கோள் என்பதும் அவசரம். 2018இல் ஏவிய டெஸ் விண்தொலைகாட்டியின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்குதான் விகலை). 10 கிலோமீற்றருக்கு அப்பால் வள்ளமொன்றில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரண்டு லாம்பு கொளுத்தினால் அதற்கு ஒன்றாகவே தெரியும். பின்னால் நிற்கும் இரட்டை நட்சத்திரம் ஒன்றையொன்று மறைப்பதும் அப்படித்தான் முன்வெள்ளியின் கணக்கில் ஏறிவிடும்.

அந்த டெஸ் முதலில் கண்ட கோள் பை மென்சே என்ற வெள்ளியைச் சுற்றுகிறது, 60 ஒளியாண்டு. அதைத் தேடி இங்கே மொட்டைமாடி ஏற வேண்டாம். வானத்தின் தென்துருவத்துக்கு அவ்வளவு கிட்ட இருப்பதால், யாழ்ப்பாணத்து அடிவானத்தை விட்டு அது எழும்புவதே இல்லை எனலாம்.