மாதிரி விமானத்தின் சமநிலைப் புள்ளியைக் கண்டறியும் முறை

பிசான அறுவடை முடிந்து அரிதாள் மட்டும் நிற்கும் தாமிரபரணிப் பாசன வயல்கள், ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் பழகுவோருக்கு நல்ல களம். அங்கே கொண்டுசெல்லும் முன் வீட்டில் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. விமானத்தின் மொத்த எடையும் எந்தப் புள்ளியில் நிகராக நிற்கிறது என்று பார்த்து, அது இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவதே அந்த வேலை. பழகியவர்கள் இதைச் ‘சிஜி பார்ப்பது’ என்பார்கள்; சிஜி என்பது ஈர்ப்பு மையத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம்.

இதன் அருமையை நான் ஒரு விமானத்தை இழந்துதான் அறிந்தேன். 1,200 கிராம் எடையுள்ள அந்தப் பயிற்சி விமானத்தின் வால் ஒடிந்தபோது, உள்ளே பிளைவுட் துண்டு வைத்துப் பசையிட்டு ஒட்டினேன். சேர்ந்த எடை 15 கிராம்தான். ஆனால் அது சமநிலைப் புள்ளியிலிருந்து 600 மில்லிமீட்டர் பின்னால் சேர்ந்தது. பதினைந்தை அறுநூறால் பெருக்கி மொத்த எடையால் வகுத்தால், சமநிலைப் புள்ளி ஏறக்குறைய ஏழரை மில்லிமீட்டர் பின்னுக்குப் போயிருப்பது தெரியும். மறுநாள் மாலை பணகுடிக்கு அருகே ஒரு தரிசில் கையிலிருந்து விட்டதும், அது மூக்கைத் தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி, வேகம் இழந்து, ஒரு பக்கமாகச் சரிந்து தரையில் மோதியது. மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பான எலிவேட்டரை முழுக்க இறக்கியும் பயன் இல்லை.

காற்று ஒரு கணம் மூக்கைத் தூக்கினால், எடை போதிய அளவு முன்னால் இருக்கும் விமானம் தானாகவே தன் நிலைக்குத் திரும்பும். எடை பின்னால் போகப் போக அந்தக் குணம் குறைந்து, ஓர் எல்லையைத் தாண்டியதும், தூக்கிய மூக்கு மேலும் மேலும் தூக்கிக்கொண்டே போகும். எடை அளவுக்கு மீறி முன்னால் இருந்தாலும் குறைதான். ஆனால் அந்த விமானம் மந்தமாகப் பறக்கும், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க மறுக்கும், அவ்வளவே. ஆகவே முதல் பறத்தலுக்கு, இருக்கலாம் என்று சொல்லப்படும் எல்லைக்குள் முன்பக்கத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வரைபடத்திலோ கையேட்டிலோ புள்ளி குறிக்கப்பட்டிருந்தால் அதையே கொள்ளலாம். இல்லையென்றால், வால் உள்ள சாதாரண விமானத்துக்கு, இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே உள்ள அகலத்தில், முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 சதவீதத்துக்குள் புள்ளி அமைய வேண்டும். முனைவரை ஒரே அகலமாக 200 மில்லிமீட்டர் உள்ள இறக்கையில் அது 50 முதல் 60 மில்லிமீட்டர். வால் இல்லாத பறக்கும் இறக்கைகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு 15 முதல் 20 சதவீதம் வரைதான் வைக்க வேண்டும்.

முனை நோக்கிக் குறுகும் இறக்கையில்தான் பலர் தவறுகிறார்கள், ஏனென்றால் அடியில், அதாவது உடலோடு சேரும் இடத்தில், உள்ள அகலத்தை வைத்துக் கணக்கிட்டால் புள்ளி தவறிவிடும். சராசரி அகலம் எது, அது இறக்கையில் எங்கே விழுகிறது என்ற இரண்டும் வேண்டும். ஒரு பக்க இறக்கையை மேலிருந்து பார்த்தபடி அளவுக்கு வரையுங்கள். அடிக்கோட்டைப் பின்விளிம்புக்கு அப்பால் முனையின் அகலம் அளவுக்கும், முனைக்கோட்டை முன்விளிம்புக்கு முன்னால் அடியின் அகலம் அளவுக்கும் நீட்டி, நீட்டிய இரு கோடிகளையும் ஒரு நேர்கோட்டால் இணைக்க வேண்டும். பிறகு அடியின் நடுவையும் முனையின் நடுவையும் இன்னொரு கோட்டால் இணைத்தால், இரண்டும் வெட்டும் இடத்தில் உள்ள அகலமே சராசரி அகலம். அடி 240, முனை 160, ஒரு பக்க நீளம் 600 மில்லிமீட்டர் என்றால், அடியிலிருந்து 280 மில்லிமீட்டர் தள்ளி, ஏறக்குறைய 203 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கும். அந்த இடத்து முன்விளிம்பிலிருந்து 25 சதவீதத்தை, அதாவது சுமார் 51 மில்லிமீட்டரைக் குறித்து, அங்கிருந்து உடலுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுத்து அடிக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி நிறுத்திப் பார்ப்பது. பேட்டரி, புரொப்பெல்லர், சக்கரம், மூடி என்று பறக்கும்போது இருக்கும் எல்லாமும் விமானத்தில் இருக்க வேண்டும். எரிபொருள் எஞ்சின் உள்ளதென்றால் டேங்க் காலியாக இருக்க வேண்டும். டேங்க் பெரும்பாலும் புள்ளிக்கு முன்னால் இருப்பதால், எண்ணெய் தீரத் தீர வால்பக்கம் கனக்கும். விரல் நுனியில் தாங்குவது அவசரத்துக்கு உதவும், ஆனால் விரலின் அகலமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் என்பதால் அதில் மில்லிமீட்டரைப் பார்க்க முடியாது. ஒரு பலகையில் உடலின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான இடைவெளியில் இரண்டு துளைகள் இட்டு, அழிப்பான் வைத்த பென்சில்களை அழிப்பான் மேலே இருக்கும்படி ஊன்றினால் நல்ல தாங்கி கிடைத்துவிடும். குறித்த புள்ளிகளில் இறக்கையின் கீழ்ப்பக்கத்தில் புள்ளிக்கொரு துளி பசை வைத்துக் காயவிடுங்கள். அந்தச் சிறு மேடு விரலுக்கே தட்டுப்படும், வயலில் மறுபடி பார்க்கவும் உதவும். இறக்கை மேலே இருக்கும் விமானத்தை நேராகவும், கீழே இருப்பதைக் கவிழ்த்தும் வைத்துப் பார்க்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலையும் சாத்திவிடுங்கள். அரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், இந்தப் பக்கத்து வீடுகளில் திறந்த ஜன்னலே வாலைத் தூக்கிவிடும். உடல் கிடைமட்டமாகவோ, மூக்கு மிகச் சற்றே தாழ்ந்தோ நின்றால் போதும்.

வால் தாழ்ந்தால் உடனே ஈயத்தைத் தேட வேண்டாம். முதலில் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்: 180 கிராம் பேட்டரியை 50 மில்லிமீட்டர் நகர்த்தினால், 1,200 கிராம் விமானத்தில் புள்ளி ஏழரை மில்லிமீட்டர் நகரும். அடுத்து வாலில் எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். சமநிலைப் புள்ளியிலிருந்து வால் 600 மில்லிமீட்டரிலும் மூக்கு 250 மில்லிமீட்டரிலும் இருந்தால், வாலில் குறையும் ஒரு கிராம், மூக்கில் சேர்க்கும் 2.4 கிராமுக்குச் சமம். அதற்கும் பிறகே எடை சேர்க்க வேண்டும். வீல் பேலன்சிங் செய்யும் கடைகளில் கிடைக்கும் ஒட்டும் எடைத் துண்டுகள் 5, 10 கிராம் அளவில் இருப்பதால் இதற்கு வசதியானவை.

பக்கவாட்டுச் சமநிலைக்கு, மோட்டார் தண்டையும் வாலின் கடைசியையும் பிடித்துத் தூக்கி, எந்த இறக்கை தாழ்கிறதோ அதற்கு எதிர் முனையில் ஒரு நாணயத்தை ஒட்டினால் முடிந்தது.

கடைசித் தீர்ப்பைப் பறத்தல்தான் சொல்லும். காற்று அடங்கிய அதிகாலையில், நடுத்தர வேகத்தில் குச்சியைத் தொடாமலே நேராகப் பறக்கும்படி டிரிம் செய்தபின், நல்ல உயரத்தில் மோட்டாரை நிறுத்தி, மூக்கைச் சாய்த்து இறங்கவிட்டு, எலிவேட்டர் குச்சியிலிருந்து விரலை எடுங்கள். விருட்டென்று மேலே வளைந்தால் மூக்குக் கனம். மேலும் செங்குத்தாகக் குத்தினால் வால் கனம், அப்போது தாமதிக்காமல் மீட்டு இறக்கிவிட வேண்டும். மெல்ல மெல்லத் தானே நிமிர்ந்தால் புள்ளி சரி. மாற்றுவதானால் ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் டிரிம்மையும் திரும்பப் பார்க்க வேண்டும். சரியான இடம் கிடைத்ததும், பேட்டரியின் முன் ஓரம் நிற்கும் இடத்தில், அந்தப் பெட்டியின் தரையிலேயே அழியாத மையால் கோடு போட்டு, அந்தப் பேட்டரியின் எடையையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.