தப்பு கையில் இல்லை: வரையப் பழகுபவர்களின் கண் ஏமாறும் இடங்கள்

மேசையில் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து, எதிரே உட்கார்ந்து வரையச் சொன்னால், முதல்முறை வரைபவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். வாய் நன்றாகத் திறந்த வட்டமாக இருக்கும். அடிப்பாகம் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடாக இருக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரிவது வேறு. வாய் ஒடுங்கிய நீள்வட்டமாகத் தெரியும். அடி விளிம்பு கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடக் கொஞ்சம் அதிகமாகவே வளைந்திருக்கும். வரைந்ததைப் பார்த்துவிட்டு, "எனக்குக் கை வராது" என்று எழுந்துவிடுவார்கள். பல வருடங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். இன்னமும் இந்த வார்த்தையைக் கேட்டால் மனசு கஷ்டப்படுகிறது. தினமும் பூ கட்டுகிற, ஊசியில் நூல் கோக்கிற கை அது. அதற்கு ஒரு வளைவு வராதா?

கோஹன், பென்னட் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 1997இல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். படம் தவறுவதற்குக் கையின் தடுமாற்றம் காரணமா, எதை வரைவது என்று முடிவெடுப்பதில் குழப்பமா, தன் படத்தையே சரியாக மதிப்பிடத் தெரியாததா, இல்லை பொருளையே தவறாகப் பார்ப்பதா? கடைசிதான் முக்கியக் காரணம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு புகைப்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து அதே ஆளை ட்ரேஸ் செய்யச் சொல்லுங்கள். ஓரளவு நன்றாகவே செய்வார். கை அதே கைதான்.

தெரிந்ததை வரைவது

டம்ளரின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், அது மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பதும் தெரியும். அந்த அறிவு பென்சிலுக்குள் புகுந்துவிடுகிறது. 1931இல் ராபர்ட் தௌலஸ் என்ற உளவியலாளர் சாய்த்து வைத்த வட்டத் தட்டுகளைக் காட்டி, "கண்ணுக்குத் தெரியும் வடிவம் எது?" என்று கேட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த நீள்வட்டம், உண்மையில் கண்ணில் விழும் நீள்வட்டத்தைவிட எப்போதும் உருண்டையாகவே இருந்தது. வட்டத்தின் பக்கமாகக் கண் நம்மை இழுக்கிறது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். தட்டு சாயும்போதெல்லாம் அதன் வடிவம் மாறுவதாகத் தெரிந்தால் சாப்பாடு பரிமாறுவதே பெரும்பாடாகிவிடும். அன்றாட வாழ்க்கைக்கு உதவும் அதே பழக்கம் வரையும்போது மட்டும் காலை வாருகிறது.

அளவிலும் இதே கதைதான். குளியலறைக் கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்திருக்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் உங்கள் முகத்தின் விளிம்பை விரலால் வரையுங்கள். அப்புறம் ஸ்கேலால் அளந்து பாருங்கள். உண்மையான முகத்தில் சரிபாதிதான் இருக்கும். எவ்வளவு தள்ளி நின்றாலும் பாதிதான். இத்தனை வருடம் தினமும் பார்த்த முகம், ஒருநாளும் பாதியாகத் தோன்றியதே இல்லை, இல்லையா?

முகம் வரையும்போது எல்லோரும் செய்யும் பெரிய தவறு, கண்களை மேலே ஏற்றிவிடுவது. வளர்ந்தவர்களின் தலையில் உச்சி முதல் முகவாய் வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நடுவில் வரும். குழந்தைகளுக்கு அதைவிடவும் கீழே. நம் கவனம் முழுக்கக் கண், மூக்கு, வாய் ஆகியவற்றில் இருப்பதால் நெற்றியும் தலைமுடியும் ஒன்றுமில்லாத இடமாகச் சுருங்கிவிடுகின்றன. காதையும் அப்படியே சிறிதாக்கிவிடுகிறோம். புருவத்திலிருந்து மூக்கின் அடிவரை அது நீளும்.

இதற்கு மருந்து அளப்பதுதான். கையை நன்றாக நீட்டி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் அளவைக் குறித்து, ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுங்கள். இது கத்துக்குட்டிகளின் வேலை என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றை மடித்து விக்கிரகத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டுதான் மெழுகில் கை வைக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கண்களே ஓலையைக் கேட்கும்போது நமக்கென்ன கூச்சம்?

தாளையே பார்த்துக்கொண்டிருப்பது

பொருளை ஒருமுறை பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் குனிந்தே வரைபவர்கள் நினைவிலிருந்துதான் வரைகிறார்கள். நினைவில் வடிவம் நிற்பதில்லை, "டம்ளர்" என்ற பெயர்தான் நிற்கும். 2005இல் கோஹன் நடத்திய இன்னோர் ஆய்வில், பொருளையும் தாளையும் அடிக்கடி மாறி மாறிப் பார்த்தவர்களின் படமே துல்லியமாக இருந்தது. கொஞ்சமாகப் பாருங்கள், அடிக்கடி பாருங்கள். என் வகுப்பில் நான் அதிகம் சொல்வது "நிமிருங்க" என்பதைத்தான்.

வெளிச்சமும் நிறமும்

வெள்ளைச் சட்டை நிழலில் இருந்தாலும் வெள்ளைதான் என்று தாளை அப்படியே விட்டுவிடுவது அடுத்த தவறு. பார்வையை ஆராயும் விஞ்ஞானி எட்வர்ட் ஏடல்சன் 1995இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படத்தை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். உருளையின் நிழலில் இருக்கும் வெளிர் கட்டமும் வெளியே இருக்கும் கறுப்புக் கட்டமும் ஒரே சாம்பல் நிறம். தெரிந்த பிறகும் கண் நம்ப மறுக்கிறது! ஒரு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, அதன் வழியாகச் சட்டையின் நிழல் பகுதியை மட்டும் பாருங்கள். எவ்வளவு கறுப்பு என்று திடுக்கிடுவீர்கள். அட்டை இல்லாவிட்டால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் போதும். சின்ன விவரங்கள் மங்கி, இருட்டும் வெளிச்சமும் பெரிய பெரிய திட்டுகளாகப் பிரியும்.

நிறத்தைத் தனியாக வைத்து முடிவு செய்வதும் தவறுதான். பாரிஸில் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரூலிடம், கறுப்புச் சாயம் சோகையாக இருப்பதாகப் புகார் வந்தது. சாயத்தில் கோளாறே இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அப்படிக் காட்டின. இதிலிருந்து பிறந்த விதிகளை 1839இல் நூலாக்கினார். நம் ஊரில் ரவிக்கைத் துணியைப் புடவையின் மேலேயே விரித்து வைத்துப் பார்க்கிற பெண்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. தட்டில் வண்ணம் கலந்துவிட்டு அங்கேயே "சரி" என்று முடிவு செய்யாமல், படத்தில் அது உட்காரப்போகும் இடத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

செல்பியைப் பார்த்து வரையாதீர்கள். முகத்துக்கு மிக அருகில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது பின்வாங்கியிருக்கும்.

வலது மூளைக் கதை

வரைவது வலது மூளையின் வேலை, படிப்பு இடது மூளையின் வேலை என்று சொல்லிப் பயிற்சி விற்கிறார்கள். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றை துண்டிக்கப்பட்ட நோயாளிகளை ஆராய்ந்த ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது உண்மை. அதிலிருந்து "நீ இடது மூளைப் பிள்ளை" என்று ஒரு குழந்தைக்கு முத்திரை குத்த எந்த ஆதாரமும் இல்லை. மாதிரிப் படத்தைத் தலைகீழாக வைத்து வரையும் பயிற்சி நல்லதுதான், நானும் கொடுக்கிறேன். பெயர் தெரியாத கோடுகளாக அது மாறிவிடுவதால் கோட்டைப் பார்த்து வரைகிறோம், அவ்வளவே. ஆனால் வரைந்த முகத்தைச் சரிபார்க்க அதைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள். தலைகீழ் முகத்தில் கண்ணையும் வாயையும் புரட்டி ஒட்டியிருந்தால்கூட நமக்கு எளிதில் தெரியாது என்று 1980இல் பீட்டர் தாம்ஸன் என்ற உளவியலாளர் காட்டினார். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி தம் குறிப்புகளில் சொன்ன வழி அது, கோணல்கள் உடனே கண்ணில் குத்தும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்தது, "என் பையன் விஷுவல் லர்னர், படம் பார்த்தால்தான் ஏறும்" என்பது. 2008இல் நான்கு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி, பிள்ளையின் 'வகை'க்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கூடுதலாகக் கற்பான் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றார்கள். படம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உதவுகிறது, அதிலும் தானே வரைந்தால் இன்னும் அதிகமாக. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களைவிட அதைப் படமாகக் கிறுக்கியவர்கள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

அதனால்தான் புத்தகத்திலிருந்து செம்பருத்தியைப் பார்த்து வரையும் ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. அச்சுப் படத்தின் கோடுகளைப் பிள்ளை நகல் எடுக்கிறது, பூவைப் பார்ப்பதே இல்லை. வேலியோரத்தில் ஒரு பூவைப் பறித்து வாருங்கள். பெரியவர் யாராவது பிளேடால் நீளவாக்கில் பிளந்து கொடுங்கள். மகரந்தத் தாள்கள் சேர்ந்து ஒரு குழலாகி நிற்பதும், அந்தக் குழலுக்குள்ளேயே சூல்தண்டு புகுந்து மேலே ஐந்தாகப் பிரிவதும் தெரியும். பிள்ளை முதலில் அதைப் பார்த்து வரையட்டும். புத்தகத்தை அப்புறம் திறந்துகொள்ளலாம்.